இல்லாத இடத்தில் விழுந்த கோடு

நான் பொய் சொன்னேன். ஒரு பட்டத்துக்காக, கண்ணிமைக்காமல் பொய் சொன்னேன். அதற்கு விலை கொடுத்தவள் நான் அல்ல, அஜிதா.

மன்னிப்பை உன்னிடம் கேட்க மாட்டேன். அதைத் தரும் உரிமை உனக்கு இல்லை. கேட்டுக்கொள்... அவ்வளவுதான்.

நாகர்கோவிலுக்கு அருகே ஒரு கல்லூரியில் அப்போது நான் ஆய்வு மாணவி. மூட்டு வீங்கி வருந்துவோரின் இரத்தத்தில், நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் ஒரு புரதம் மிகுந்திருக்கிறது என்று நிறுவுவது என் வேலை. அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு காட்டிக்கொடுக்க ஆன்டிபாடி வேண்டும். எங்களுடையது பாலிகுளோனல், புரதத்தை முயலுக்குள் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் பலவகை ஆன்டிபாடிகளை ஒன்றாகத் திரட்டியது. அவற்றுள் சில வேறு புரதத்தையும் பிடித்துவிடும்.

ஆகவே ஒரு சோதனை உண்டு. அந்தப் புரதமே நீக்கப்பட்ட செல்லில் ஆன்டிபாடியை இட்டுப் பார்க்க வேண்டும். ஆன்டிபாடி எதையாவது பிடித்தால் படத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும்; இங்கே எதுவும் தெரியக் கூடாது.

எனக்குத் தெரிந்தது! கன்னங்கரேலென்று ஒரு கோடு... அப்படியானால் அதுவரை நான் அளந்ததெல்லாம் வேறெதையோ!

“நெகட்டிவ் எப்படி இருக்கு?” என்று அந்தச் சோதனையைப் பற்றிக் கேட்டார் என் நெறியாளர்.

“சுத்தமா இருக்கு சார்.”

நம்பினார். படத்தை அழித்தேன். கட்டுரை வெளிவந்தது. பட்டம் வந்தது. அதே கல்லூரியில் வேலையும் வந்தது.

பிறகு அஜிதா வந்தாள். குலசேகரத்துக்காரி, அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். என் முடிவிலிருந்தே அவள் ஆய்வைத் தொடங்க வேண்டும் என்றார் சார். ஆன்டிபாடி இருந்த பழைய குப்பி தீர்ந்திருந்தது. புதிய குப்பி வேறொரு முயலுடையது; வேறெதையோ பிடித்த அந்த ஆன்டிபாடி அதில் இல்லை. அவளுக்கு என் முடிவு வரவே இல்லை.

எப்படி வரும்!

“எனக்க கையிலதான் என்னமோ குத்தம் இருக்கு அக்கா. நீங்க செஞ்சப்ப வந்துச்சுல்லா?”

“இன்னொருக்கா செஞ்சு பாரு மக்கா” என்றேன். மக்கா! எந்த வாயால் அப்படி அழைத்தேன்?

ஆய்வுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சார் சீறினார். “அவங்களுக்கு வந்தது உனக்கு ஏன் வரல்ல? பைப்பெட் பிடிக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு பிஎச்டி?”

அஜிதா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவள் ஆய்வை விட்டே போய்விட்டாள். இப்போது களியக்காவிளையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள். சென்ற மாதம் அங்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன்... அழவில்லை.

“அப்போ எனக்க கை நல்லாத்தான் இருந்துச்சு?”

“ஆமா.”

“சார்ட்ட சொல்லியாச்சா?”

“இன்னும் இல்ல.”

“பின்னே எதுக்கு இஞ்ச வந்தீங்க? ‘போட்டும் அக்கா’ன்னு நான் சொல்லணும், நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போணும், அதுக்கா? வெளிய ஆளு காத்து நிக்கு. போங்க!”

போனேன்.

அன்றுமுதல் யார் மேலெல்லாமோ எரிந்து விழுகிறேன். குப்பி விற்றவன் மேல்... படத்தைக் காட்டு என்று ஒரு வார்த்தை கேளாத நெறியாளர் மேல்... சீ! தப்பித்து ஓட எத்தனை வழி தேடுகிறது இந்த நெஞ்சு!

கட்டுரை இன்னும் அப்படியே இருக்கிறது. நேற்று வெளியூரிலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தாள். “நீங்கள் எழுதிய முறைப்படியே செய்கிறேன் மேடம், வரவில்லை. என் தவறு எது என்று சொல்வீர்களா?”

சாரின் அறை எதிரேதான். அவருக்கும் சொல்லவில்லை, அவளுக்கும் இன்னும் பதில் எழுதவில்லை.