கஜக்கோலால் அளந்த தெரு

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெருவுக்குள் நுழைந்தால், அந்தக் காலத்தில் நடப்பதற்கென்று தனியாக இடம் எதுவும் கிடையாது. கடைக்காரர்கள் ஆளுக்கு இரண்டடி, மூன்றடி முன்னால் தள்ளி வந்து பலகை போட்டிருந்தார்கள். பலகைக்கு முன்னால் திறந்த சாக்கடை. அதைத் தாண்டினால் ஜட்கா, சைக்கிள், கைவண்டி. ஒரு பண்டிகைக்கு முந்தின வாரம், துணிப்பையோடு நடந்து போன ஓர் அம்மாளை ஜட்கா இடித்துத் தள்ளியது. சாக்கடையில் விழுந்து அவர் கால் முறிந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் கார்ப்பரேஷன் ஆபீஸில் ஃபைல் நகர்ந்தது. சாக்கடைக்குக் கல்மூடி, இரண்டு பக்கமும் நடைபாதை, டியூப் லைட் கம்பங்கள் என்று திட்டம் போட்டார்கள். தெருவை அழகாக்குகிறோம் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். ஜனங்கள் விழாமல் நடந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

அளவெடுக்கும் வேலை எனக்கு. சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, நிரந்தரமாகவில்லை. ஆனாலும் கையில் டேப் இருந்தால் தெருவே என்னுடையது என்கிற நினைப்பு உண்டு. விதி சுலபமானது. தெருவின் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் பதினெட்டு அடியில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், கடையோரமாக இருப்பது இருக்கலாம். கோட்டைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் போய்விட வேண்டும்.

கிழக்குப் பக்கத்து ஜவுளிக்கடை வாசலில் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். வாணியம்பாடிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஒரு பலகை, அதன்மேல் கால்மெஷின், ஸ்டூல், இஸ்திரிப்பெட்டி, அவ்வளவுதான் அவருடைய கடை. ஜவுளிக்கடைக்குள் போகிறவர்களிடம் எவ்வளவு துணி வேண்டும் என்று கணக்குச் சொல்லிவிட்டு, "கால் கஜம் கூடவே வாங்கிக்கங்க" என்பார். முதலாளிக்கு வியாபாரம் பிடித்துக் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்காக அவரைக் கொஞ்சம் மட்டமாகவும் நினைத்தேன்.

வேலை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் என்னை விடவில்லை. "கோடு எங்க சார் விழும்?" என்று காலையில் ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம் கேட்பார். "மொதலாளி கண்டிஷனா சொல்லிட்டாரு சார். கோட்டுக்கு உள்ள இருந்தா இரு, வெளிய போச்சுன்னா நான் பொறுப்பில்லன்னு. கடைக்குள்ள ஒரு ஸ்டூல் போடக்கூட எடமில்லையாம்." இருபது வருஷமாக அதே பலகை. வேறு தெருவில் புதிதாகப் போய் உட்கார்ந்தால் யார் துணி கொடுப்பார்கள் என்பது அவர் கவலை. அளந்தால்தான் தெரியும் என்று முறைப்பாகவே பதில் சொன்னேன்.

மேற்குப் பக்கத்தை டேப்பால் அளந்து முடித்தேன். கிழக்குப் பக்கம் வந்தபோது டேப் அறுந்துவிட்டது. துணி டேப், மழையில் நனைந்து நனைந்து நைந்து போயிருந்தது. புதிய டேப் வேண்டுமென்று ஆபீஸில் எழுதிக் கொடுத்தால் பத்து நாள் ஆகும். நேராக ஜவுளிக்கடைக்குள் போனேன். மேஜைமேல் கிடந்த இரும்புக் கஜக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, இதைக் கொஞ்சம் கொடுங்கள் என்றேன். கஜம் என்றால் மூன்றடி. ஆறு தரம் வைத்தால் பதினெட்டு. இதில் என்ன வித்தை இருக்கிறது?

முதலாளியின் முகம் மாறியது. "அது லட்சுமி சார். ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சுக் கும்புடற கோலு. மண்ணுல படக்கூடாது" என்றார். மரக்கோல் ஒன்று வாங்கிவரச் சொல்லட்டுமா என்றார். காபி சாப்பிடுகிறீர்களா என்றார். கடை நிறைய ஆட்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கோலைக் கீழே வைப்பதாக இல்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். கடை ஆட்கள் இரண்டு பேர் ரோட்டில் புது மல்துணியை விரித்தார்கள். அதன்மேல் கோலை வைத்து வைத்து அளந்தேன். ஜட்காக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஆறாவது கஜம் முடிந்த இடத்தில் வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டேன். பாயின் பலகை இரண்டு விரற்கடை உள்ளே இருந்தது.

அவர் குனிந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய பெயிண்டை லுங்கியில் துடைத்துக்கொண்டார். பிறகு எனக்கு ஒரு டீ சொன்னார்.

மூன்றாம் நாள் எஞ்சினியர் எஃகு டேப்போடு வந்தார். மேற்குப் பக்கம் சரியாக இருந்தது. ஜவுளிக்கடை வாசலில் அளந்தால் கோடு பதினேழரை அடியில் நின்றது. "ஏனு இது?" என்று கன்னடத்தில் கேட்டார். ஆறு கஜம் சரியாக எண்ணி வைத்தேன் என்றேன். எங்கே அந்தக் கோல் என்றார். முதலாளி உள்ளே போய்க் கோலைக் கொண்டுவந்து பவ்யமாக நீட்டினார். எஃகு டேப்பில் முப்பத்தாறு அங்குலம், மயிரிழை பிசகவில்லை. ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாதவனுக்கு யார் வேலை கொடுத்தது என்றார் எஞ்சினியர். தெருவில் எல்லாருக்கும் கன்னடம் தெரியும், எல்லாரும் சிரித்தார்கள். 

கோடு கடைப்பக்கமாக அரையடி நகர்ந்தது. பாயின் பலகை நாலு விரற்கடைக்கு மேல் வெளியே போய்விட்டது. பாய் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார், எஞ்சினியரைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் முதலாளி, அவசரமில்லாத குரலில், "பாய், மெஷினத் தூக்கிட்டு உள்ள வா. மாடிப்படிக்குக் கீழ எடம் ஒழிச்சுத் தரேன்" என்றார். பாய் மெஷினைத் தூக்கக் குனிந்தார்.

அன்று சாயந்திரம் டீக்கடைக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"எஞ்சினியர் அளந்தது வேற கோலு சார். வாங்குறதுக்கு ஒண்ணு, விக்கிறதுக்கு ஒண்ணு வச்சிருக்காரு. நீங்க எடுத்தது விக்கிற கோலு. ஒரு அங்குலம் கம்மி."

"தெரிஞ்சும் ஏன் சும்மா நின்னீங்க?"

"வாயத் தொறந்திருந்தா நான் எங்க சார் போவேன்?" எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, "ஜாக்கெட்டுக்குத் துணி பத்தாம போயிடும் சார். அதனாலதான் எல்லார்கிட்டயும் கால் கஜம் கூட வாங்கச் சொல்வேன்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்ன டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். எஞ்சினியரிடம் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் அந்தக் குட்டைக் கோல் அதற்குள் எந்தக் கிணற்றில் கிடந்ததோ. மெமோ வந்தது. என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருஷம் பிடித்தது.

தெரு நன்றாகவே அமைந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கல்மூடிமேல் பெண்கள் குழந்தைகளைக் கைப்பிடித்துக்கொண்டு ஜட்காவுக்குப் பயப்படாமல் நடந்தார்கள். கால் முறிந்த அந்த அம்மாளே ஒரு நாள் கைத்தடியோடு கடை கடையாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார். அவரைப் பார்த்தபோது மெமோ ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை.

அடுத்த தீபாவளிக்குச் சட்டைத்துணி எடுக்க அதே கடைக்குப் போனேன். கிணற்றில் ஒன்றும் கிடக்கவில்லை. மேஜைமேல் பழைய இடத்திலேயே ஓர் இரும்புக்கோல் கிடந்தது. பாய் மாடிப்படிக்குக் கீழே தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஓர் அம்மாள், மூன்று மகள்களோடு வந்திருந்தார்.

"இவங்க மூணு பேருக்கும் ஜாக்கெட்டுக்கு எவ்வளவு பாய் எடுக்கணும்?"

முதலாளி கையெட்டும் தூரத்தில் நின்றார். பாய் நிமிராமல், "மூணு கஜம் போதும்மா" என்றார்.

நான் காத்திருந்தேன். அவர் மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். முதலாளி கோலை எடுத்தார்.

"கால் கஜம் கூடவே வாங்கிக்கங்கம்மா" என்றேன்.

மெஷின் சத்தம் நின்றது. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வியாபாரம் பிடிக்க நிற்கும் கடை ஆள் என்று நினைத்திருப்பார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அதெல்லாம் வேணாம், பாய் சொன்ன மூணு கஜமே போதும்" என்றார்.