அண்ணனுக்குத் தம்பியின் கண்கள்

இன்று சங்கரன்கோவிலில், செராக்ஸ் எடுக்கப் போன பிளக்ஸ் கடையில் நடந்தது.

எனக்கு முன்னால் நின்றவர் கரிவலம்வந்தநல்லூர்க்காரர். மலேசியாவில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் அங்கேயே இறந்துவிட்டார். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்க வந்திருந்தார்.

போனில் காட்டிய படத்தில் அண்ணன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடற்கரையில் சிரித்தார். போன வருஷம் நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு லங்காவி தீவுக்குப் போனபோது எடுத்ததாம்.

"கண்ணு தெரியலியே அண்ணாச்சி. வேற படம் இல்லையா?" என்றார் கடைக்காரர்.

"கல்யாணப் படம்தான் இருக்கு. மதினி இதையே போடச் சொல்லுதாவ. இதுலதான் அண்ணன் சிரிச்சிருக்காவளாம்."

"அப்ப உங்க கண்ணையே எடுத்து வச்சிருதேன். அண்ணன் தம்பிதானே, ஒத்து வரும்."

அவரைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார். கண்கள் சிவந்திருந்தன.

"படத்துல வாய் சிரிக்குல்லா, கண்ணும் சிரிக்கணும். லேசா சிரிங்க அண்ணாச்சி."

தம்பி மூன்று முறை முயன்றார். நான்காவது முறை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். கடைசியில், கண்ணாடியோடே அடிக்கச் சொன்னார்.

"அடக்கம் என்னைக்குன்னு போட?"

"தேதி வேண்டாம். அங்க இப்ப பெருநாள் லீவு. ஆபீஸ் திறந்தாத்தான் உடம்பை இங்க அனுப்புவாங்களாம்."

போன வருஷம் அண்ணனைத் தீவுக்கு அனுப்பிய அதே விடுமுறை.

வீட்டுக்கு வந்து என் போனைத் துழாவினேன். நூற்றுக்கணக்கில் படங்கள், ஒன்றில்கூட நான் இல்லை. என் பிளக்ஸுக்கு ஆதார் அட்டைப் படம்தான். உங்களுக்கு?