ஈயக்கா காதில் விழுந்த ‘போதும்’

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ஈயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பழ ஈ வளர்ப்பது அவள் வேலை. மயக்கிப் படுக்கவைத்த ஈக்களை நுண்ணோக்கிக்கு அடியில் தூரிகை முனையால் தள்ளித் தள்ளிப் பிரிப்பாள். அவள் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், மூன்று தலைமுறை ஈக்கள் கிளம்பி அடுத்த ஊரில் குடித்தனம் வைத்துவிடும். அடக்கி அடக்கி, தனியாக இருக்கும் வீட்டில்கூட அவளுக்குப் பெருமூச்சு வராமல் போயிற்று.

அவளிடம் ஒரு வகை ஈ உண்டு. உறுப்பு தன் அளவை எட்டியதும் வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் மரபணு அதற்குப் பழுது. கண்ணும் தலையும் பூசணிக்காயாக உப்பிவிடும். மரபணுவின் அசல் பெயர் யார் வாயிலும் நுழையாததால் கூடத்தில் அதற்கு ‘போதும்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தம்பியின் ஈரல் கெட்டபோது தன் ஈரலில் பாதிக்கு மேல் அறுத்துக் கொடுத்தாள்.

“ஈன்னா கொடுன்னும் அர்த்தம். பேரைக் காப்பாத்திட்டீங்கக்கா!” என்று கூடத்தில் கேலி பேசினார்கள்.

தேறி வீடு வந்ததும் தினமும் வெளியூரிலிருந்த தம்பிக்குப் போன் போட்டாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, தூங்கினாயா. ஒருநாள் அவன், “போதும்க்கா...” என்றான். வேறு யாரானாலும் அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பார்கள். அவளுக்கு அது வேலையிடத்துச் சொல். கேட்டால் நின்றுவிட வேண்டும். போனை வைத்தாள். அப்புறம் போடவே இல்லை. அவனும் கூப்பிடவில்லை. இருந்த ஒரே உறவும் இப்படி ஊமையாயிற்று.

மாதங்கள் கழித்து ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, “மிச்சமிருந்த ஈரல் பழைய அளவுக்கு வளந்து, கரெக்டா நின்னுடுச்சும்மா” என்றார்.

“நிக்கும் டாக்டர். உள்ள ‘போதும்’னு சொல்றதுக்கு ஆள் இருக்கே.”

“தம்பி போன வாரம் வந்தப்ப, அக்கா எப்படி இருக்காங்கன்னு என்னைக் கேட்டார். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லையா?”

வராந்தாவுக்கு வந்ததும் போன் போட்டாள்.

“என்னடா, போதும்னுட்டியே அன்னிக்கு?”

“எனக்காக நீ பட்டது போதும்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள வெச்சுட்ட. கோவம்னு நெனச்சு நானும் கூப்பிடல.”

“அளவு மீறிட்டேன்னு நெனச்சேன்டா.”

“நான் என்ன உன் குப்பியில இருக்கற ஈயா?”

சிரித்தார்கள்.

“நாளைக்குப் பண்ணுக்கா” என்று சொல்லிவிட்டு வைத்தான்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த பெருமூச்சை முழுசாக விட்டாள். அங்கே பறந்துபோக ஒன்றும் இல்லை.