இருநூற்றுப் பதினெட்டு வழிகளும் ஒரு மூட்டை உள்ளியும்

சதுரங்கத்தில் யாருக்குக் காய் நகர்த்த அதிக வழி இருக்கிறதோ அவன்தான் ஜெயிப்பான் என்று நம்பியிருந்தேன். பள்ளிக்கூட வயதில் அல்ல. ஐம்பதை நெருங்கும்போது, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு.

செல்போன் செய்த வேலை அது. காயைத் தொட்டால் அது போகக்கூடிய கட்டங்களில் எல்லாம் புள்ளி விழும். ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு இருபது வழி: சிப்பாய்களுக்குப் பதினாறு, குதிரைகளுக்கு நான்கு. மற்றவர்கள் கல்யாண வீட்டில் வேலை ஏவத் தெரியாத பெரியப்பாக்கள் போலச் சும்மா நிற்பார்கள். காய்கள் வெளியே வர வர முப்பது, நாற்பது என்று ஏறும். ஒரே ஆளுக்கு இருநூற்றுப் பதினெட்டு வழி இருக்கிற ஒரு நிலைகூட உண்டு என்று எங்கோ படித்தேன். அதற்கு ஒன்பது ராணிகள் வேண்டுமாம். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

ஆசைக்குக் காரணம் இருந்தது. எங்கள் சபையில் அசன விருந்துக்கு முந்தின நாள் ஆண்கள்தான் சமையல் வேலையைப் பிரித்துக்கொள்வோம். அன்று மதியம் நானும் என் மனைவியின் அண்ணனும் ஒரு பந்தயம் வைப்பது வழக்கம். ஜெயித்தவருக்கு அண்டா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கறிக்கு உப்பு பார்க்கிற பதவி. தோற்றவருக்கு உள்ளி மூட்டை. சின்ன வெங்காயத்துக்கு எங்கள் பக்கம் உள்ளி என்று பெயர். பெயரை மாற்றினாலும் கண் எரியத்தான் செய்யும். கேரம், இறகுப்பந்து, சைக்கிள் ஓட்டம் எல்லாவற்றிலும் தோற்று வருடா வருடம் உரித்தவன் நான். மச்சான் குவைத்திலிருந்து லீவு போட்டு வருவதே என்னை அழ வைக்கத்தான் என்று தோன்றும். அதனால் இந்தத் தடவை நானே முந்திக்கொண்டு, "செஸ் ஆடுவோம்" என்றேன்.

ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் பலகையை விரித்தோம். காயைத் தொட்டேன். புள்ளி விழவில்லை.

மரப்பலகையில் புள்ளி விழாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பேச்சிப்பாறை அணை மதகைத் திறந்துவிட்ட மாதிரி வியர்த்தது. குதிரை எப்படிப் போகும் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோயிற்று.

"என்ன மாப்ள, போர்டைத் தடவுதீரு? அடியில சுவிட்சு உண்டுமா?"

"யோசிக்கேன் மச்சான்."

"நல்லா யோசியும். உள்ளி ஓடியா போவுது?"

என் நல்ல காலம், குவைத்திலிருந்து அவருக்கு போன் வந்தது. பேச்சு ருசியில் ராணியைக் கொண்டு வந்து என் யானைக்கு முன்னால் வைத்தார். அதற்குப் பிறகு அவர் காய்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போயின. கடைசியில் மூலையில் ராஜா மட்டும் தனியாக நின்றது.

அப்போதே முடித்திருக்கலாம். ஆனால் எனக்குத்தான் ராணி ஆசையாயிற்றே! இரண்டு சிப்பாய்களைக் கடைசி வரிசை வரை ஓட்டினேன். பெட்டியில் என் நிறத்தில் வேறு ராணி இல்லாததால் மூட்டையிலிருந்து இரண்டு உள்ளியை எடுத்து ராணியாக வைத்தோம். எனக்கு எத்தனை வழி என்று எண்ணினேன், அறுபது தாண்டியது. மச்சானுக்கு ஒரே ஒரு கட்டம். அதையும் அடைக்க ஒரு உள்ளி ராணியை அவர் ராஜாவிலிருந்து குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"ஜெயிச்சாச்சு!"

"எப்படி வே ஜெயிப்பு? செக்கு எங்க?"

"செக்கு எதுக்கு? உமக்கு நவுர எடமில்லல்லா?"

ஆட்கள் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் என் கட்சி. எல்லாரும் தரையில் கரிக்கோடு கிழித்து ஆடுபுலி ஆடி வளர்ந்தவர்கள். நகர வழியில்லாமல் அடைபட்ட புலி தோற்ற புலி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மீதிப் பாதி மச்சான் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தைத் தின்றவர்கள். சத்தம் கேட்டு சபைப் போதகர் வந்து பலகையைக் குனிந்து பார்த்தார்.

"ராஜாவுக்குச் செக் இல்லை. நகரவும் வழியில்லை. அப்படின்னா யாருக்கும் ஜெயிப்பில்லை, சமன்" என்றார்.

"ஐயா, எனக்கு அறுபது வழி இருக்கு. அவருக்கு ஒண்ணுமில்ல. இது எப்படிய்யா சமன்?"

"அவருக்கு ஒண்ணுமில்லாம ஆக்கினதுதான் தப்பு."

"ஆடுபுலியில..."

"இது ஆடுபுலி இல்லல்லா?"

பால் விடாத கட்டஞ்சாயா வந்து ஆறிப்போகிற வரை வாதாடினேன். என் கட்சிக்காரர்கள் சாயாவைக் குடித்துவிட்டுத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார்கள். போதகர் அசையவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் பலகையைத் தூக்கி எறிந்திருப்பேன், பலகை சபையுடையது.

ஜெயித்தவர் இல்லாததால் நாற்காலி போதகருக்குப் போயிற்று. நானும் மச்சானும் சாக்கு விரித்து எதிரெதிரே உட்கார்ந்து, இருட்டுகிற வரை உள்ளி உரித்தோம்.