சேனல் அக்கா சத்தம் குறைத்த கதை

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவள் கணவர் ஒருவர்தான். அவரும் கோபம் வந்தால் மட்டும். மற்றவர்களுக்கெல்லாம் அவள் சேனல் அக்கா. வீடு வீடாக வைஃபை பெட்டி மாட்டுவது பிழைப்பு. தோளில் வயர்ச் சுருள், கையில் ஸ்க்ரூடிரைவர், வாயில் ஓயாத பேச்சு. பெட்டியை மாட்டி முடிப்பதற்குள் அந்த வீட்டு மாமியார் மருமகள் வழக்கையும் தீர்த்துவிட்டுத்தான் இறங்குவாள்.

அவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம், யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. "படம் நின்னு நின்னு வருதுக்கா" என்று ஒருவர் வந்தால் இன்னும் பெரிய பெட்டியாகப் பார்த்து மாட்டிவிடுவாள். உடனே பக்கத்து வீட்டுக்கு மூக்கில் வியர்க்கும். அவர்கள் அதைவிடப் பெரியதாகக் கேட்பார்கள். முதல் மாடி மீசைக்காரர் வாங்கிய பெட்டிக்கு எட்டுக் கொம்பு. பார்த்தால் முட்டிவிடும் போலிருக்கும்.

அவருக்கு நேர் கீழே, தரைத்தளத்தில் தையல்காரர் இருந்தார். பிறவியிலேயே காது கேட்காது. மனைவி போன பிறகு அவருக்குப் பேச்சுத் துணை என்றால் வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் மட்டும்தான். மகளுக்குக் காது கேட்கும், ஆனால் அப்பாவோடு எப்போதும் கையால்தான் பேச்சு. சாயங்காலமானால் தையல் மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நமக்கெல்லாம் படம் நின்றாலும் குரல் வந்துகொண்டிருக்கும். அவர்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றது.

ஒருநாள் அந்த மகள் சேனல் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, பாதி வார்த்தையில அப்பா கை நின்னுடுது. அவர் ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு புரிஞ்சுக்க, கடைசியில சண்டைதான் மிச்சம். இனிமே எழுதியே அனுப்பிக்கலாம்னு நேத்து சொல்லிட்டேன். நாலு வரி படிக்கவே அவருக்குப் பொறுமை கிடையாது. நாங்க பேசிக்கறதே நின்னுடும்போல இருக்குக்கா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. போனில் அலைகளைக் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினாள். எல்லாப் பெட்டியும் முழு பலத்தில், பாதிக்கு மேல் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில். ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றவையெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு காத்துக் கிடந்தன. கூட்டத்தில் அதிகம் நசுங்கியது தையல்காரரின் சின்னப் பெட்டி. அத்தனையும் அவள் கையால் மாட்டியவை. "அடிப்பாவி, கெடுத்தது நான்தானா!" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாவம், அவளைத் திட்டவும் நமக்கு மனம் வராது.

ஒன்றோடொன்று மோதாத மூன்று சேனலுக்கு மூன்று நிற ஸ்டிக்கர் வாங்கினாள். பக்கத்து வீட்டிலோ மேல் வீட்டிலோ அதே நிறம் வரக்கூடாது, பெட்டியின் பலம் அவரவர் வீட்டோடு அடங்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. எல்லோரும் தலையாட்டினார்கள், மீசைக்காரரைத் தவிர.

"என் வீட்டு சிக்னலை நான் ஏம்மா குறைக்கணும்?"

"சார், உங்க சிக்னல் கீழ டெய்லர் அண்ணன் அடுப்படி வரைக்கும் போயிட்டு வருது. அங்க உங்களுக்கு என்ன சார் வேலை?"

உள்ளே அவர் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. மனிதர் கதவை அகலத் திறந்து வழிவிட்டார். எல்லா வீட்டிலும் பலத்தைக் குறைத்ததும் அவர் வீட்டில் வேகம் கூடியதுதான் வேடிக்கை. மறுநாள் காலையில் பார்த்தால், அவரே வீடு வீடாகப் போய், "நீலத்துக்குப் பக்கத்துல நீலம் ஒட்டலாமா? அறிவு வேணாம்?" என்று மிரட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அக்கா தையல்காரர் வீட்டுக்குப் போனாள். போனில் மகள் வந்தாள். கைகள் பறந்தன. ஒரு விரல்கூடத் தடைபடவில்லை. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

திடீரென்று மகள் தன் கண்ணைத் தொட்டு ஏதோ கேட்டாள். தையல்காரர் ஒரு கையைத் தூக்கியபடி, வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். அக்கா பதறிப்போய்ப் பெட்டியைப் பார்த்தாள். விளக்கெல்லாம் சரியாகத்தான் எரிந்தது. படம் நிற்கலாம், ஆளே எப்படி நிற்பார்?

"அப்பா!" மகள் வாய்விட்டே கத்தினாள். "அக்கா, அவருக்குப் பின்னாடி ஃபேன் சுத்துது பாருங்க! நடிக்கிறார்! கண்ணுல புரை, ஆபரேஷனுக்குப் போங்கன்னு ஆறு மாசமா கேக்கறேன். கேட்டாலே படம் நின்னுடும். நானும் நெட்டுதான்னு நம்பிட்டு இருந்தேன்!"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல்காரர் சிரிக்கவில்லை. தூக்கிய கையை மெல்ல இறக்கி, சின்னதாக ஏதோ சொன்னார். போனில் மகளின் முகம் மாறியது.

"கண்ணைக் கட்டிட்டா நான் யாரோட பேசுவேன்னு கேக்கறார்க்கா."

அக்காவுக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் நிதானமாகக் கைகளை அசைத்தாள். அக்காவுக்கும் விளங்கட்டும் என்று கூடவே வாயாலும் சொன்னாள்.

"ஒரு கண்ணைத்தான்ப்பா கட்டுவாங்க. இன்னொரு கண்ணு முன்னாடி நான் ஊருக்கே வந்து உக்காந்திருப்பேன்."

தையல்காரர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மடியில் கிடந்த துணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என்றைக்கு வருகிறாய் என்று இரண்டு கையாலும் கேட்டார்.