சீல் வைத்த மோட்டாரும் ஜெயந்தி அக்காவும்

கரியமாணிக்கத்தில் எங்கள் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. டிராக்டர் சத்தத்தில் போன் அடித்ததே கேட்கவில்லை. லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஆள் கையைக் காட்டிய பிறகுதான் எடுத்தேன். மறுமுனையில் சோமு, எங்கள் ஸ்லாட் கார் கிளப்பின் செயலாளர். "அக்கா பூட்டாங்கபா" என்றான். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் கூட்டத்தில் வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் ஒரே அக்காதான். வில்லியனூர் கடைத்தெருவில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த ஜெயந்தி அக்கா.

சாவுக்கு வந்திருந்த உறவுக்காரர்கள் எங்களைப் பார்த்து, "இன்னா காரு ரேஸு? அதுக்கு ஸ்கூட்டியே ஓட்டத் தெரியாதே" என்று கேட்டார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். இது உள்ளங்கை அளவு கார். பலகையில் வெட்டிய பள்ளத்துக்குள் அதன் முன்பக்க முள் இறங்கியிருக்கும். பள்ளத்தின் இருபுறமும் ஒட்டிய செப்புப் பட்டையிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட் வரும். கையிலிருக்கும் விசையை அழுத்த அழுத்த வேகம் கூடும். வளைவில் பேராசைப்பட்டால் கார் பள்ளத்தை விட்டுப் பறந்துவிடும். "விரலு ஒண்ணு போதும்பா, லைசென்ஸ் வாணாம்" என்பார் அக்கா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அவர் கணவரின் அண்ணன், பிள்ளைகள் விளையாட என்று பிரான்சிலிருந்து ஒரு செட் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. அக்காவுக்கு அலுக்கவில்லை. கடை மாடியில் ஒயர் பெட்டிகளை ஓரம் தள்ளி, பிளைவுட்டில் நான்கு பள்ளம் வெட்டிப் பெரிய தடமே போட்டுவிட்டார்.

மோட்டார் எல்லோரும் ஒரே மாதிரிதான் வாங்குவோம். அக்கா அதைப் பிரித்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சரில் இருந்த கம்பியை உருவி எறிந்துவிட்டு, தடித்த கம்பியைக் குறைந்த சுற்றில் சுற்றுவார். காந்தத்தையும் மாற்றி வலுவானதாக வைப்பார். நேர்பாதையில் அவர் காருக்கு முன்னால் எங்களுடையதெல்லாம் மாட்டுவண்டி. எனக்குத் தோற்பதென்றாலே வயிறு எரியும். எப்படிச் சுற்றுவது என்று ஒளிக்காமல்தான் சொல்லிக்கொடுத்தார். நான் சுற்றியதில் புகைதான் வந்தது. "இன்னாபா, சாம்பிராணி போடறியா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

ஆனால் வருகிறவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்த போட்டிக்கு யார் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொள்வார்கள்? கடைசியில் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டோம். சென்னை கிளப் ஒன்றைப் போட்டிக்குக் கூப்பிட்டோம். "அந்தம்மா சுத்துன மோட்டாரை எதுத்து ஓட்டறதுக்கு அவ்ளோ தூரம் வரணுமா?" என்று சொல்லிவிட்டார்கள். சோமு இதை அக்காவிடம் பெருமையாகத்தான் சொன்னான். அக்கா முகம் சுருங்கிப்போனது. கிளப் இப்படியே போனால் மாடியில் மறுபடி ஒயர் பெட்டிதான் இருக்கும் என்பது எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் முதலில் புரிந்தது.

அடுத்த கூட்டத்தில் மேசைமேல் ஒரு பெட்டியை வைத்தார். அப்போதுதான் வரத்தொடங்கியிருந்த சீல் வைத்த மோட்டார்கள். பிரித்தால் மறுபடி சேர்க்க முடியாது. ஒன்றுக்கொன்று வேகத்தில் பெரிய வித்தியாசமும் இருக்காது. இனிமேல் எல்லோரும் இதில்தான் ஓட்டவேண்டும், போட்டியன்று சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்ளவேண்டும் என்றார். சோமு பதறிப்போனான். "இன்னாக்கா, உன் கைய நீயே கட்டிக்கிறியா?" அக்கா அசரவில்லை. "என் கை ஜெயிக்கிறத பாத்துப் பாத்து எனுக்கே போரடிக்குதுபா. தூக்குங்க கைய" என்றார். முதலில் தூக்கியதும் அவர் கைதான்.

சென்னைக்காரர்கள் வந்தார்கள். அக்கா எல்லோருக்கும் கடைசியில் மோட்டார் எடுத்தார். அரையிறுதியில் தோற்றார். தோற்றவர்கள் வளைவுகளில் நின்று, பறந்து விழும் கார்களை எடுத்துப் பள்ளத்தில் வைக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அக்காவும் போய் நின்றார். இறுதிப்போட்டியில் எங்கள் கிளப்புக்காக நான், எதிரே சென்னையிலிருந்து வந்த ரமேஷ். கடைசிச் சுற்றில் கொஞ்சம் முன்னால் இருந்தேன். அக்கா நின்ற வளைவில் விசையை விடத் தாமதித்தேன். என் கார் எகிறி ரமேஷின் காரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. இடித்த வண்டி கடைசியில்தான் தடம் ஏறவேண்டும் என்பது விதி. யார் யாரை இடித்தது என்பதை அக்காவைத் தவிர ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை. எந்தக் காரை முதலில் வைத்திருந்தாலும் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அக்கா ஒரு கணம்கூடத் தயங்காமல் ரமேஷின் காரை வைத்தார். பிறகு என்னுடையதை. கோப்பை சென்னைக்குப் போனது.

அடுத்த வாரம் பம்ப்செட்டுக்கு ஸ்டார்ட்டர் வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனேன். "என் வண்டிய மொதல்ல வெச்சிருந்தா கோப்பை நம்மூர்லயே இருந்திருக்கும்ல?" என்று கேட்டேவிட்டேன். அக்கா ஸ்டார்ட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இருந்திருக்கும்பா. நானே கைதட்டியிருப்பேன். அவுங்க மறுபடி வருவாங்களா? ஆளே வரலன்னா நீ யார ஜெயிப்ப?"

ஸ்டார்ட்டரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் அந்தக் கோப்பையை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் ரமேஷ் அடுத்த போட்டிக்குத் தன் கிளப் மொத்தத்தையும் அழைத்துவந்தார். அதற்கடுத்து கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அக்கா மறுபடி ஜெயித்தாரா என்று கேட்பீர்கள். ஜெயித்தார், எங்களைப் போல எப்போதாவது. அப்போதெல்லாம் அந்த மாடியே அதிரும்படி கத்தினார். தானே சுற்றிய மோட்டாரில் ஜெயித்தபோது அவர் அப்படிக் கத்தியதே இல்லை.

அக்காவைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் உடம்பைப் பற்றிப் பேச விடவில்லை. உள்ளே தேய்வதற்குக் கரித்துண்டே இல்லாத, பிரஷ்லெஸ் என்கிற புது மோட்டார் வந்திருக்கிறதாமே, அதை நம் போட்டியில் சேர்க்கலாமா என்றுதான் கேட்டார். "மொதல்ல எல்லாருக்கும் கெடைக்குதான்னு பாரு" என்றார்.

காரியம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை போட்டி நடத்தினோம். மாடியில் நிற்க இடமில்லாமல் படிக்கட்டு வரை ஆட்கள். நான் இறுதிப்போட்டிப் பக்கமே போகவில்லை. பாகூரிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்மணி முதல் சுற்றிலேயே என்னை வெளியே தள்ளிவிட்டார். அக்கா எனக்குக் கோப்பை எதுவும் விட்டுப்போகவில்லை. என்னைத் தோற்கடிக்க ஒரு மாடி நிறைய ஆட்களை விட்டுப்போயிருக்கிறார். அவர்களில் ஒருவர்கூடக் குறையாமல் பார்த்துக்கொள்வேன்.