தம்பி மாரில் கட்டிய துணி

இந்தத் துணி என் பழைய நூல் சேலையில் கிழித்தது. ஒரு கை அகலம் இருக்கும். ஓரத்தை நானே மடித்துத் தைத்தேன். துவைத்துத் துவைத்துச் சாயமெல்லாம் போய்விட்டது. நடுவில் இருக்கும் கறை மட்டும் போகவில்லை. மரவள்ளிக் கிழங்குக் கூடை தூக்கும்போது இப்போது இதைத்தான் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொள்கிறேன். வீசி எறிய மனம் வரவில்லை.

என் தம்பிக்காகக் கிழித்த துணி இது. அம்மா போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. என் இடுப்பில்தான் வளர்ந்தான். மீசை அரும்பிய வயதில் அவன் மார்பு பெண்பிள்ளைக்கு வளர்வது போல வளர ஆரம்பித்தது. சில பையன்களுக்கு அப்படி வரும், தானாக வற்றிப்போகும் என்றார்கள். அவனுக்கு வற்றவில்லை. ஆண்கள் குளிக்கிற நேரத்தில் ஓடைப் பக்கம் போகமாட்டான். மரமேறி மிளகு பறிக்கும்போது வேர்த்து ஊற்றினாலும் சட்டையைக் கழற்றமாட்டான். ஒருநாள் என் முகத்தைப் பார்க்காமல் வந்து நின்று, இறுக்கிக் கட்டுகிற மாதிரி ஒரு துணி வேண்டும் என்றான். எதற்கென்று நான் கேட்கவில்லை.

சட்டைக்குள் மறைத்துத் தீர்கிற காரியமாக இருந்தால் காலம் அப்படியே ஓடியிருக்கும். ஆனால் ஊர்த் திருவிழாவான நோம்பி வந்தால் எங்கள் அம்மன் மரச் சப்பரத்தில் ஊர் சுற்றுவாள். சப்பரக் கொம்புகளைத் தோளில் வைத்துத் தூக்குகிற ஆண்கள் வெற்று மாரோடுதான் தூக்க வேண்டும். முன்பக்கத்து வலக்கொம்பு எங்கள் வீட்டுத் தோளுக்கு உரியது. தாத்தா தூக்கினார், அப்பா தூக்கினார், அப்பாவுக்குப் பிறகு அது தம்பிக்கு வந்தது. தொடர்ந்து மூன்று நோம்பிக்கு ஒரு வீட்டுத் தோள் வராவிட்டால் கொம்பு பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அது எங்கள் மலைநாட்டுக் கட்டுப்பாடு.

முதல் வருசம் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். சித்தப்பா மகன் அவனிடத்தில் தோள் கொடுத்தான். மறு வருசம் நோம்பிக்கு முன்பே கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தவனிடம் டீக்கடையில் மச்சான் முறைக்காரன் ஒருவன், "ஏனுங்க மச்சா, சட்டையோடவே பொறந்துட்டீங்களாட்ட இருக்குது?" என்று கேட்டிருக்கிறான். கடையே சிரித்ததாம். தம்பியும் கூடச் சிரித்தானாம். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"அடுத்த நோம்பிக்குள்ள இத அறுத்துப் போட்றோணும் அக்கா."

மலை இறங்கி, சேந்தமங்கலத்தில் பஸ் மாறி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டது. மருந்தில் கரையாது, ஆபரேஷன்தான், அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் செய்ய எழுதிக் கேட்கிறேன் என்றது. அப்புறம் வலி இருக்கிறதா என்று கேட்டது. தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

எங்கள் மலையில் ஆண்பிள்ளை வலி என்று வாய்விட்டுச் சொன்னால் அப்புறம் அவன் தலையில் யாரும் மூட்டை ஏற்றமாட்டார்கள். அப்பா சொல்வார், வலிக்குதுன்னா சுமை கோவிச்சுக்கும் என்று. அந்தச் சொல்லில் வளர்ந்தவன் வேறு என்ன சொல்வான்?

கொஞ்ச நாள் கழித்துப் போனால், அட்டையில் வராது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். வலி இல்லை, அதனால் அது அழகுக்குச் செய்கிற ஆபரேஷனாம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவன், கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஏறி முடிந்த பிறகுதான் பேசினான்: "அழகா அக்கா நான் கேட்டேன்?"

வலி இல்லாமலா? மூட்டை சுமக்கச் சுமக்கத் துணி உரசி, கட்டின இடமெல்லாம் புண். துவைக்கிற எனக்குத் தெரியும். மறுபடி அவனை இழுத்துக்கொண்டு போனேன். அவன் மாற்றுத் துணி கட்டியிருந்தான்; அவிழ்த்துப் போட்ட இந்தத் துணியை இடுப்பில் செருகி வந்தது அவனுக்குத் தெரியாது. டாக்டர் மேசைமேல் விரித்து வைத்தேன்.

"இவன் சொல்லமாட்டான் கண்ணு. தொவைக்கறவ நான் சொல்றேன், பாருங்க."

டாக்டர் அவன் சட்டையை விலக்கிப் பார்த்தது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று வருத்தமாகக் கேட்டது. அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. வெளியே வந்து எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துபோய், பஸ்ஸில் தனியாக உட்கார்ந்துகொண்டான். இந்த முறை அனுமதி கிடைத்தது. ஆனால் ஆபரேஷனுக்கு அவன் முறை வருவதற்குள் மூன்றாவது நோம்பி வந்துவிட்டது.

அன்று மேளம் கேட்டதும் தம்பி எழுந்து சட்டையைக் கழற்றினான். துணிக்கட்டையும் அவிழ்த்தான். வாசல்வரை போனான். போய்விடு சாமி, யார் சிரித்தால் என்ன என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தெருவில் யாரோ பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சட்டையை மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். கொம்பு போய்விட்டது.

அப்புறம் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகத்தான் நடந்தது. அடுத்த நோம்பிக்குத் தட்டை மாரோடு சப்பரத்தருகே போய் நின்றான். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. எங்கள் கொம்புக்குச் சித்தப்பா மகன் தோள் கொடுத்தான். பூசாரி என் தம்பியின் தோளைத் தொட்டு, "ஆத்தா தோளு மாத்திக்கிட்டா மாத்திக்கிட்டதுதான் சாமி" என்றார்.

இப்போது அவன் வெற்று மாரோடுதான் காட்டில் கொத்துகிறான். வெயிலில் தழும்புகள் கறுத்துவிட்டன. நோம்பியன்று மட்டும் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் கீழே இறங்கிவிடுவான். இன்றைக்கும், "வாரேன் அக்கா" என்று போனான்.

கிழங்குக் கூடையோடு வரும்போது மேளம் கேட்டது. கூடையை இறக்கி வைத்தேன். சப்பரம் தூக்குகிறவர்கள் கொம்பு உறுத்தாமல் இருக்கத் தோளில் ஒரு துணியை மடித்து வைத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு நான்தான் மடித்துக் கொடுப்பேன். சும்மாட்டைப் பிரித்து உதறி, கறை உள்பக்கம் போகும்படி அதே போல மடித்தேன். மேளம் எங்கள் தெருவைத் தாண்டும்வரை கையிலேயே வைத்திருந்தேன். பிறகு மறுபடி சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினேன்.